ஒன்பதுக்கும் எட்டுக்கும் அப்பால்

மூன்றையும் இரண்டையும் அதனதனாலேயே எத்தனை தடவை பெருக்கினாலும், ஒன்பதுக்கும் எட்டுக்கும் அப்பால் ஒன்று மட்டும் வித்தியாசமுள்ள வேறு சோடி கிடையாது. இதை நிறுவ, மலையகத்துத் தலவாக்கலையில் கணித ஆசிரியராயிருந்த நான் இரண்டு வருடம் முட்டிக்கொண்டிருந்தேன்.

பேச்சுவாக்கில் நான் சொன்னதைக் கேட்டிருந்த மாரிமுத்து, தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைப்பவர். தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் தாளில் பதினோரு வரியில் நிறுவிக் கொண்டுவந்தார். இரண்டு முறை படித்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

"இது பிழை" என்றேன்.

"எந்த எடத்துலங்க ஐயா?"

"சொன்னா உமக்கு விளங்காது."

யாழ்ப்பாணத்து வாத்தியாரிடம் தோட்டத்து லயத்து மனிதர் மறுபேச்சுப் பேசுவதில்லை. மாரிமுத்து என் சிவப்புப் பேனாவை வாங்கி, தாளின் குறுக்கே தானே கோடு போட்டார்.

"ஐயா நேரத்த வீணாக்கிட்டேன், மன்னிச்சிருங்க."

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதிலுள்ள ஒரே பிழை, அந்தச் சிவப்புக் கோடு.