புது எல்.பி.க்கள் வந்த வெள்ளிக்கிழமை

மதுரையிலிருந்து வரும் புது இசைத்தட்டுகளை விற்பனைக்கு வைக்கும் முன் ஒவ்வொன்றையும் முழுக்கக் கேட்டுப் பார்ப்பது என் வேலை. கொடைக்கானல் பஜாரில் பாய் நடத்திய அந்தக் கடையில் ரேடியோ, டார்ச் பேட்டரி, கம்பளிக் காலுறை எல்லாம் கிடைக்கும். ஆனால் ஊரிலிருந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் தேடி வந்தது எல்.பி.க்களைத்தான். அறுபதுகளின் கடைசி அது. ராக், கறுப்பினத்தவரின் சோல் என்று வந்த புதுப் பாட்டுத் தட்டுகள் வைத்தவுடன் விற்றுவிடும். பழுதான தட்டை யாராவது திருப்பிக் கொண்டுவந்தால் பாய்க்கு முகம் சுண்டிவிடும். அதனால் ஒவ்வொரு தட்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன். பிறகு கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த பிளேயரில் இரண்டு பக்கமும் ஓடவிட்டு, ஊசி எங்கே தடுக்கிறது, எங்கே இரைச்சல் என்று சீட்டில் குறித்து அட்டைக்குள் செருகுவேன்.

அந்த மே மாத வெள்ளிக்கிழமையும் அதையே செய்தேன். ஆனால் நினைப்பெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்தது. காலையில் மனைவிக்கு வலி எடுத்து, நாங்கள் குடியிருந்த அட்டுவம்பட்டியிலிருந்து பால் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தோம். எங்கள் முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இந்த முறை அவளுக்கு ஒரு மாதமாகக் கால் வீங்கியிருந்தது, செருப்பு நுழையவில்லை. முந்தைய வாரம் டாக்டரம்மா என்னைத் தனியாக அழைத்து, ரத்த அழுத்தம் அதிகம், தாய்க்கும் பிள்ளைக்கும் உறுதி சொல்ல முடியாது என்றார். நான் அதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

துணைக்கு வடகவுஞ்சியிலிருந்து மாமியார் வந்திருந்தார். பிரசவ வார்டு வாசலில் என்னைத் தடுத்து நிறுத்தியவரும் அவர்தான்.

"இங்க ஒங்களுக்கு என்ன சோலி மாப்ள? ஆம்பளைய உள்ள விட மாட்டாங்க. இப்படிக் குறுக்கயும் நெடுக்கயும் நடந்தா எனக்குத்தான் தல சுத்துது. கடைக்குப் போங்க. எதுனாச்சும்னா அங்க ஆள் அனுப்புறேன்."

ஆகவே கடையை விட்டு நகராமல் இருந்தேன். பாய் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பும்போது, "ஆள் வந்தா யோசிக்காத தம்பி. கதவ இழுத்துப் பூட்டிட்டு ஓடு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பார்சலில் முதலில் எடுத்தது ஒரு ராக் தட்டு. அட்டையில் நான்கு நீளமுடி இளைஞர்கள் புல்வெளியில் நின்றார்கள். மூன்றாவது பாட்டின் நடுவில் கிதார் ஊளையிட ஆரம்பித்து, நிற்காமல் இழுத்துக்கொண்டே போனது. 'இரைச்சல். திருப்பி அனுப்ப வேண்டும்' என்று குறித்தேன்.

அடுத்தது சோல். கண்களை மூடிய ஒரு கறுப்பினப் பெண்ணின் முகம் அட்டை முழுவதும் இருந்தது. இரண்டாவது பாட்டின் கடைசியில் சொற்கள் நின்றுபோய், தொண்டை கிழியும் கதறல் மட்டும் வந்தது. ஊசியைத் தூக்கித் துடைத்து மீண்டும் வைத்தேன். அதே இடத்தில் அதே கதறல். பால் வண்டி ஒவ்வொரு வளைவிலும் குலுங்கியபோது என் மடியில் தலை வைத்திருந்தவளிடமிருந்து வந்ததும் இதே சத்தம். 'குரலில் கரகரப்பு. திருப்பி அனுப்ப வேண்டும்' என்று எழுதினேன். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

அப்போது மிஷன் பாதிரியார் ஒருவரின் மகள் இரண்டு தோழிகளோடு உள்ளே வந்தாள். மதுரைப் பக்கமே பிறந்து வளர்ந்த பெண். அவள் தமிழைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வெள்ளைக்காரப் பெண் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தட்டுகளோடு என் சீட்டுகளையும் எடுத்துப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"என்னண்ணே, இதப் போயி பழுதுன்னு எழுதி வச்சிருக்கீங்க? இதுக்காகத்தான் நாங்க இத்தன மாசமா காத்துக் கெடக்கோம்."

"இரைச்சலா இருக்கேம்மா."

"அது வேணும்னே செய்றதுண்ணே. கிதார ஸ்பீக்கருக்கு நேரா காட்டுனா அப்படித்தான் கத்தும்."

"வேணும்னே யாராச்சும் கத்த விடுவாங்களா?"

"கல்யாண வீட்டுல மைக்கு கத்துனா நீங்க காதப் பொத்திக்குவீங்க. இவங்க அதுக்கு டிக்கெட்டு போட்டு காசு வாங்குறாங்க."

"அப்ப அந்தம்மாவுக்குத் தொண்ட கட்டியிருக்கே, அது?"

"அவங்க பாடுறதே அப்படித்தாண்ணே. சின்ன வயசுலருந்து சர்ச்சுல பாடுனவங்க. எங்கப்பா சர்ச்சு மாதிரி தூங்கி வழியாது அது." அவள் இரண்டு சீட்டுகளையும் என் கையில் கொடுத்தாள். "கிழிச்சுப் போட்டுட்டு பெரிய ஸ்பீக்கர்ல வைங்கண்ணே."

வைத்தேன். பிள்ளைகள் தோளைக் குலுக்கி ஆட ஆரம்பித்தார்கள். அந்தப் பெண்மணி கதறும் இடம் வந்தபோது மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் கூண்டுக்குள் பிளேயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "இன்னொரு தடவண்ணே" என்றார்கள். இன்னொரு தடவை வைத்தேன். வேண்டாம் என்று சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். சொல்ல வாயெடுத்தால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

தட்டு நின்றதும் வாசலுக்கு வந்தேன். மேகம் இறங்கி, எதிர்ச்சாரி டீக்கடையின் விளக்கு மட்டும் தெரிந்தது. டீக்கடைக்காரர் கிளாஸ்களோடு இந்தப் பக்கம் வந்தார்.

"என்ன தம்பி, ஆயா சொல்லிட்டுப் போச்சா?"

"எந்த ஆயா?"

"ஆஸ்பத்திரி ஆயாதான். இங்க வாசல்ல நின்னு கூப்பிட்டுச்சே. உள்ள அம்புட்டுச் சத்தம். நீங்க கூண்டுக்குள்ள முதுகக் காட்டிட்டு நின்னீங்க."

"என்னண்ணே சொல்லுச்சு?"

"எங்கிட்ட என்னத்தச் சொல்லும்? ஒரு டீயக் குடிச்சிட்டுப் போன்னேன். நேரமில்லைன்னு ஓடிருச்சு."

பிள்ளை பிறந்த சேதி கொண்டுவரும் ஆயா டீ குடிக்காமல் போகமாட்டாள். கையில் ஏதாவது வாங்காமல் திரும்பவே மாட்டாள். உள்ளே வந்து என் சட்டையைப் பிடித்தாவது இழுத்திருப்பாள். அப்படியானால் அவள் கொண்டுவந்தது அந்தச் சேதி இல்லை.

பின்னால் வந்து நின்ற பாதிரியார் மகள் என் முகத்தைப் பார்த்தாள். "யாருக்குண்ணே?"

"சம்சாரத்துக்கு."

"போங்கண்ணே. பாய் வர்ற வரைக்கும் நான் பாத்துக்கிறேன். வெரசா போங்க!"

ஆஸ்பத்திரி மேட்டில் நான் ஓடியதாக நினைவு. எதிரே வருவது மாடா மனிதரா என்று பக்கத்தில் வரும்வரை தெரியவில்லை. எதிலும் ஒழுங்கு பார்க்கும் புத்தி அப்போதும் விடவில்லை: யாருக்கு முதலில் தந்தி கொடுப்பது, பழனியில் அப்பாவுக்கு என்ன வாசகம் எழுதுவது என்று அது வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தது. நிறுத்த முடியவில்லை.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் மாமியார் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் கையைப் பார்த்தேன். கட்டைவிரலில் மை.

"ஆள் அனுப்புனா அங்க பாட்டுக் கச்சேரி நடக்குதாம்ல மாப்ள!"

"என்னாச்சு அத்தே?"

"ஆப்ரேசன். ஒடனே பண்ணணும், புருசன் கையெழுத்து வேணும்னாங்க. நீங்க வரல. எம் மகதான, நான் ரேகை வச்சுட்டேன். உள்ள கொண்டு போயிட்டாங்க."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூடிய கதவுக்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. மாமியார் என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"ஒங்களுக்கு மொதவே தெரியுமாமே. டாக்டரம்மா சொல்லுச்சு. எங்கிட்ட ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சு."

"பயந்தா ரெண்டு பேருமாச் சேந்து பயந்திருக்கலாம்ல?" என்று சொல்லிவிட்டு முந்தானையால் விரலைத் தேய்த்தார். மை போகவில்லை.

கதவு திறந்து, நர்ஸ் ஒரு பொதியை என் பக்கம் நீட்டினார். "பொம்பளப் பிள்ளை. பிடிங்க."

"அவ?"

"மொதல்ல இதப் பிடிங்க."

"அவ எப்படி இருக்கா?"

மாமியார் எழுந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். பின்னால் வந்த டாக்டரம்மா, வலிப்பு வராமல் கண் விழித்துவிட்டால் தேவலை, அதுவரை எதுவும் சொல்வதற்கில்லை என்றார். கட்டிலருகே ஸ்டூல் போட்டு என்னை உட்கார விட்டார்கள். அவள் உதடு வெளுத்து, முகம் வேறு யாருடையதோ போல இருந்தது. விரல் அசைந்தாலும் வலிப்போ என்று பதறினேன். அசையாவிட்டால் அதற்கும் பதறினேன்.

சாயங்காலம் கண்ணைத் திறந்தாள். என்னை அடையாளம் காணக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"கடைய யாரு பாக்குறா?"

"ஒரு வெள்ளக்காரப் பொண்ணு."

"நல்லாருக்கு," என்றாள். கண் மூடிக்கொண்டது.

நான் எழுந்துவிட்டேன். பிள்ளையை மடியில் வைத்திருந்த மாமியார், "தூங்குறா மாப்ள, ஒக்காருங்க," என்றார்.

உட்கார்ந்தேன். ஆனாலும் அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தேன்.