சீசாவுக்கு ஈடு

சுல்தான் மைதீன் ராவுத்தரைப் பற்றி நான் எழுத நினைப்பவை மூன்று. வரிசை தவறிவிடுமோ என்ற பயத்தில் முதலிலேயே குறித்துவிடுகிறேன்.

1. அவர் மறைந்த செய்தி எனக்கு வந்த விதம்.
2. தர்மாஸ்பத்திரியின் சீசா விதியை அவர் மாற்றியது.
3. எந்தக் காரியத்திலும் அவர் பிறரிடம் யோசனை கேட்டதில்லை என்பது.

செவ்வாய்க்கிழமை காலை தெற்கு வெளி வீதியில் ராவுத்தரின் சீசாக் கடை அடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரம் தவிர அதை அடைத்து நான் பார்த்ததில்லை. பக்கத்துக் கடைக்காரர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். "மவுத்தாயிட்டாக சார். தூக்கத்துலயே போயிட்டாக" என்றார். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். துக்கத்துக்கு முன்னால் எனக்கு நினைவு வந்தது சமயநல்லூர்ச் சாலையில் நாங்கள் கண்ட ஒரு காலைப்பொழுது. இதை எழுதும்போதும் அதுவே முன்னால் வந்து நிற்கிறது.

அவரை அறிந்த உங்களில் பலருக்கு அந்த விதி மறந்திருக்கலாம். யுத்தத்துக்கு முன்பு தர்மாஸ்பத்திரியில் மருந்து இலவசம். அதை ஊற்றிக்கொண்டு போகச் சீசாவை மட்டும் நோயாளிதான் கொண்டுவர வேண்டும். மண்ணெண்ணெய் வாடை அடித்தால் கம்பவுண்டர் திருப்பி அனுப்பிவிடுவார். சீசா இல்லாதவர்கள் ராவுத்தர் கடைக்கு வருவார்கள். ஆஸ்பத்திரி ஆலோசனைக் கமிட்டியில் அவரும் நானும் அங்கத்தினர்கள். அவர் பேசுவார். பள்ளிக்கூட வாத்தியாராகிய நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் காய்ச்சலில் துவண்ட குழந்தையோடு ஒரு பெண் அவர் கடைக்கு ஓடிவந்தாள். சீசா இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவள். ராவுத்தர் சீசாவைக் கொடுத்து அனுப்பினார். அவள் போய்ச் சேர்வதற்குள் மருந்து கொடுக்கும் நேரம் முடிந்துவிட்டது. அழுதுகொண்டே திரும்பி வந்தவளை ராவுத்தரே டாக்டர் வீட்டுக்கு அழைத்துப் போனார். குழந்தை பிழைத்துக்கொண்டது.

அடுத்த கமிட்டியில் அவர் உட்காரவே இல்லை. "உள்ள மருந்து, வெளிய சீசா. ரெண்டுக்கும் நடுவுல ஒரு புள்ள சாகப் பாத்துச்சு" என்றார். ஆஸ்பத்திரியே சீசா தர வேண்டும் என்பது அவர் தீர்மானம். கொடுத்த சீசா திரும்பாது என்றார்கள் சிலர். தானிய மண்டிக்காரரான அங்கத்தினர் ஒருவர் மெல்லச் சொன்னார்: "சீசா விக்கிறவரு சீசா வேணுங்கிறாரு. எம்புட்டு வேணும்னும் அவரே சொல்லிருவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். ராவுத்தரின் முகம் சிவந்தது. தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்த தலைவர், அதில் தோற்றால் இனி அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கூட்டத்துக்கு ராவுத்தர் ஒரு திட்டத்தோடு வந்தார். சீசாவை இரவலாகக் கொடுப்போம். வாங்குகிறவர் கையிலிருக்கும் ஏதாவது ஒரு பொருளை ஈடாக வைக்கட்டும். சீசாவைத் தந்துவிட்டுப் பொருளை எடுத்துக்கொள்ளட்டும். ஒரு கிளை ஆஸ்பத்திரியில் மட்டும் ஒரு மாதம் நடத்திப் பார்ப்போம். சீசாக்களை வேறு கடையில் வாங்குங்கள். என் கடையிலிருந்து ஒன்றுகூட வராது என்றார்.

"ஈடு வைக்க ஒண்ணுமே இல்லாதவன் வந்தா?" என்று கேட்டார் மண்டிக்காரர்.

"அவனுக்கு நான் ஈடு."

முதலில் உயர்ந்த கை என்னுடையது. அதைப் பார்த்து நானே திடுக்கிட்டேன். தீர்மானம் நிறைவேறியது.

சோதனைக்கு எடுத்தது சமயநல்லூர்ச் சாலையிலிருந்த சிறிய கிளை. முதல் நாள் இருவரும் ஜட்காவில் போனோம். அப்படியொரு கூட்டத்தை அங்கே யாரும் பார்த்ததில்லை. தாழ்வாரத்தில் ஈடாக வந்து குவிந்தவை: மாடு ஓட்டும் தாற்றுக்கோல், தலைப்பாகைத் துணி, வெற்றிலைப் பெட்டி, ஒற்றைச் செருப்பு, கிழிந்த குடை. ஒரு பெண்மணி கம்பவுண்டரிடம், "எங்க மருமகப்புள்ளைய ஈடா வச்சுக்கங்க" என்றாள்.

"அப்புறம் நீங்க சீசாவத் திருப்பிக் கொண்டாரவே மாட்டீகளே" என்றார் அவர்.

மருமகன் உட்பட அத்தனை பேரும் சிரித்தார்கள். ராவுத்தர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். மறுவாரம் சீசாக்கள் கழுவிக் காயவைத்துத் திரும்பி வந்தன. ஒன்றிரண்டு உடைந்திருக்கலாம். மாதம் முடிந்ததும் எல்லாக் கிளைகளுக்கும் அதுவே முறையாயிற்று.

மூன்றாவது குறிப்புக்கு வந்திருக்கிறேன். பேனா நகரவில்லை. அந்தக் குறிப்பு தவறு.

கமிட்டியில் எல்லோரும் சிரித்த அன்று, கூட்டம் முடிந்து வெளியே வந்தவர் என்னை ஓரமாக அழைத்தார். "வாத்தியாரே, நான் வியாபாரி. என்ன பேசினாலும் எனக்காகப் பேசுறேன்னுதான் சொல்லுவாங்க. நீங்க சொல்லுங்க, என்ன செய்யலாம்?"

ஈடு வாங்கலாம், ஒரு இடத்தில் மட்டும் செய்து பார்க்கலாம் என்றேன். என் குரல் கேட்காமல் அவர் குனிய வேண்டியிருந்தது. அதை நீங்களே கமிட்டியில் சொல்லுங்கள் என்றார். மாட்டேன் என்று தலையசைத்தேன். "சரி, நான் சொல்றேன். தோத்தா என் பேரு. ஜெயிச்சா?"

"அதுவும் உங்க பேராவே இருக்கட்டும்" என்றேன். அவர் அதன்படியே நடந்துகொண்டார். நானும் இத்தனை வருஷம் அப்படியே நம்பிக்கொண்டிருந்துவிட்டேன்.

வாழ்நாளில் பலர் எனக்கு ஆலோசனை சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் கேட்டவர் அவர் ஒருவர்தான். அவருடையது என்று நான் வைத்துக்கொள்வது ‘என்ன செய்யலாம்?’ என்ற அந்தக் கேள்வியைத்தான்.