ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிற்கும் கார்

விளையாட்டுப் பெட்டி வாங்கப் போன இடத்தில் அம்மா என் மானத்தையும் சேர்த்து வாங்கிவிட்டாள் என்று ஒரு வாரம் நான் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்போது எனக்குப் பத்து வயது. இண்டூரில் எங்களுக்குக் கொஞ்சம் மல்பெரித் தோட்டமும் பட்டுப்புழு வளர்க்கும் ஒரு கொட்டகையும் இருந்தன. அந்த முறை பட்டுக்கூடு கெட்டியாக, வெள்ளை வெளேரென்று வந்திருந்தது. தர்மபுரியில் ஏலம் முடிந்து திரும்பிய அப்பா என்றும் இல்லாத உற்சாகத்தில் என்னைக் கூப்பிட்டு, என்ன வேண்டும் என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு நான் இரண்டு வருடமாகப் பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

என் வகுப்பில் நான்கு பேர் வீட்டில் டிவியில் மாட்டி விளையாடும் அந்தப் பெட்டி இருந்தது. நான்கும் ஒரே கம்பெனி. சாயங்காலமானால் அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடியே நெட்டில் ஒன்றுசேர்ந்து கார் ஓட்டுவார்கள். மறுநாள் பள்ளி வேனில் யார் யாரை இடித்தார்கள், யார் பாலத்திலிருந்து விழுந்தார்கள் என்பதே பேச்சு. எனக்கு அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லாததால் ஜன்னலோரம் உட்கார்ந்து புளியமரங்களை எண்ணிக்கொண்டு வருவேன். அந்த ஐந்தாவது ஆளாக ஆகிவிட வேண்டும் என்பதுதான் அன்று என் வாழ்க்கையின் ஒரே லட்சியம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்தக் காலத்தில் ஒரு கம்பெனியின் பெட்டி வைத்திருப்பவர் இன்னொரு கம்பெனிப் பெட்டிக்காரரோடு சேர்ந்து விளையாட முடியாது. இரண்டு கம்பெனிகளும் வரப்புத் தகராறில் இருக்கும் பங்காளிகளைப் போல. ஒரே கார், ஒரே பந்தயம், ஒரே பாலம். ஆனால் அந்தப் பக்கத்து ஆள் இந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது. ஆகவே எந்தப் பெட்டி நல்ல பெட்டி என்ற கேள்விக்கே இடமில்லை. நம் ஆட்கள் எந்தப் பெட்டியில் இருக்கிறார்களோ அதுதான் நல்ல பெட்டி. பத்து வயதில் எனக்கு இது தெளிவாகத் தெரிந்திருந்தது. என் அம்மாவுக்கு என்னைவிடத் தெளிவாகத் தெரிந்திருந்தது என்பது மட்டும் தெரியாது.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் என் நண்பர்களின் பெட்டியைக் கடைக்காரர் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார். நான் அதைத் தொட்டும் பார்த்துவிட்டேன். அப்போது அம்மா வாயைத் திறந்தாள்.

“அதில்லீங்க. ரிமோட்டுக்கு நடுவுல பச்சையா ஒரு வெளக்கு எரியுமே, அது குடுங்க.”

கடைக்காரர் சிரித்தார். “அக்கா, அது வேற கம்பெனிங்க. அதுல நெட்டுல ஆடறதுக்கு வருசா வருசம் சந்தா கட்டணும். இது அப்படியில்லீங்க, சும்மாவே ஆடிக்கலாம். பாப்பா கேக்கறதும் இதுதானுங்களே.”

“கட்டிக்கறோங்க. பச்ச வெளக்குதான் வேணும்.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். புழு நோய்வாய்ப்பட்டால்கூட அசராத மனுஷி, ஒரு விளக்கின் நிறத்துக்காக நடுக்கடையில் நின்று பிடிவாதம் பிடிப்பதை அவர் முன்னே பின்னே பார்த்ததில்லை. என்ன நினைத்தாரோ, பேசாமல் பச்சை விளக்கையே வாங்கினார். நான் அழுதுகொண்டே பஸ் ஏறினேன். சிக்கனத்தில் ஊருக்கே பாடம் நடத்தும் அம்மா, சும்மா கிடைப்பதை விட்டுவிட்டுச் சந்தா கட்டும் பெட்டியை வாங்கினாள் என்றால், அது என்னைப் பழிவாங்கத்தான் என்று நம்பினேன். எதற்குப் பழி என்பதுதான் பிடிபடவில்லை.

கேபிள்காரர் வந்து நெட் இணைப்பு கொடுத்துவிட்டுப் போன அன்று, அம்மா ஒரு காலண்டர் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். அதன் பின்பக்கத்தில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் கோணல்மாணலாக இருந்தன. அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. கோலம் போடுவதுபோலப் பார்த்துப் பார்த்து வரைந்திருந்தாள்.

“இந்தப் பேருல ஒருத்தன் இருப்பான். அவனச் சேத்துக்க.”

அது பெங்களூரில் இருக்கும் என் மாமா மகனின் விளையாட்டுப் பெயர். என் வயதுதான் அவனுக்கு. அத்தை தன் போனில் முகப்புப் படமாக வைத்திருந்த அவனுடைய பிறந்தநாள் படத்தில், பின்னால் இருந்த டிவியில் அந்தப் பெயர் தெரிந்ததாம். அவன் கையில் பச்சை விளக்கு எரிந்ததாம். அம்மா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி எத்தனை நாள் பார்த்தாளோ தெரியாது. ஆனால் அத்தைக்கு ஒரு வார்த்தை அனுப்பியதில்லை, போன் செய்ததும் இல்லை.

காரணம், அம்மாவுக்கும் அவளுடைய ஒரே தம்பியான அந்த மாமாவுக்கும் மூன்று வருடமாகப் பேச்சில்லை. தாத்தாவின் கிணற்று நிலத்தை விற்றபோது அம்மாவின் கையெழுத்துக்காக மாமா ஓர் ஆளிடம் பத்திரத்தைக் கொடுத்தனுப்பினார். அம்மா மறு பேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, வந்த ஆளிடம், “நேருல வந்து கேட்டிருந்தா போடமாட்டேன்னா சொல்லிருப்பேன்? அக்காகிட்ட வர அவனுக்கு ஆள் வேண்டியிருக்குது. இனி எனக்குத் தம்பி இல்லைன்னு சொல்லிருங்க” என்றாள். அந்த மகானுபாவர் அதை ஒரு எழுத்து குறையாமல் போய்ச் சொல்லிவிட்டார். அதோடு சரி. நிலம் போனதில் அம்மாவுக்கு வருத்தமில்லை. ஆள் வந்ததில்தான்.

மாமா மகனை அழைத்தேன், சேர்ந்துகொண்டான். முதல் நாளே என் காரை மூன்று முறை மலையிலிருந்து உருட்டிவிட்டான். பயங்கரமாக ஓட்டுவான், அதைவிடப் பயங்கரமாக மைக்கில் கத்துவான். தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் கலந்து அவன் கத்தும் கத்தலில், வேனில் புளியமரம் எண்ணிய துக்கம் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்தது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவனுக்கு என்னவோ ஆகிவிடும். மைக் அணைந்திருக்கும், பேச்சே வராது. காரை மாட்டு வண்டிபோல ஓட்டுவான். திருப்பத்தில் மரத்தில் முட்டுவான், பின்னால் வந்து மறுபடி அதே மரத்தில் முட்டுவான். தப்பித்தவறி என்னை முந்திவிட்டால் ஓரமாக நிறுத்திக்கொண்டு, நான் வரும்வரை நிற்பான். நான் வந்து சேர்ந்ததும் ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் பின்னாலேயே வருவான்.

கொட்டகையில் தழை போட்டுவிட்டுத் தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த அம்மா ஒருநாள் இதைப் பார்த்தாள்.

“ஏன் அந்தக் காரு நிக்குது?”

“ஞாயித்துக்கெழமயானா இப்படித்தான்மா. நான் வர்ற வரைக்கும் நிப்பான். பேசவும் மாட்டான்.”

அம்மா அந்தக் காரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் அருகில் தரையில் உட்கார்ந்தாள். “நாம பேசறது அங்க கேக்குமா?” என்றாள். என் மைக் போட்டிருக்கிறது, கேட்கும் என்றேன். அன்று அதோடு தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆனால் அடுத்த ஞாயிறு அடுப்பைக்கூட அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சில்லாத ஆளிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்றால், அந்த ஆளின் காதில் விழும் தூரத்தில் நின்றுகொண்டு ஆட்டிடமோ கோழியிடமோ சொல்வார்கள். ஜாடைப் பேச்சு. சொல்லியதாகவும் ஆகும், ரோஷமும் குறையாது. இதற்காகவே ஆடு வளர்ப்பவர்கள் உண்டு என்று அப்பா கிண்டல் செய்வார். எங்கள் வீட்டு ஆட்டின் குரல் பெங்களூர்வரை கேட்காது அல்லவா, அம்மா தங்கச்சியைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏன்டி குட்டி, உனக்கு ரெண்டு வயசு முடியப்போவுது. உன் ஜோட்டுப் புள்ளைங்க எல்லாம் தோடு போட்டுக்கினு திரியுதுங்க. உனக்கு இன்னும் காது குத்தல. எப்படிக் குத்தறது? மாமன் மடியில உக்கார வெச்சில்ல குத்தணும். மாமன் இல்லாத புள்ளைக்கு யாரு மடியத் தேடறது?”

சத்தமாக, அடுத்த தெருவுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. “அம்மா, மெதுவாப் பேசு, அவன் கேக்கறான்” என்று கையைக் காட்டினேன். அம்மா என்னைக் கண்டுகொள்ளவில்லை. “மாமன் வந்தாக் குத்தறது. வரலேன்னா நீ மூளிக் காதோடயே இரு” என்று முடித்தாள்.

திரையில் அந்தக் கார் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. எனக்காகக் காத்திருக்க அவசியமே இல்லை, நான் அவனுக்கு முன்னால் இருந்தேன். ஆனாலும் நின்றுவிட்டது. மற்ற கார்கள் இடித்துக்கொண்டு போயின, அது அசையவில்லை. நான் பந்தயத்தை முடித்துவிட்டு ஜெயித்தேன் ஜெயித்தேன் என்று குதித்தேன். அம்மா ஏன் என்னோடு சேர்ந்து சந்தோஷப்படவில்லை என்று குறையாகக்கூட இருந்தது.

மத்தியானம் அம்மாவின் போன் அடித்தது. எடுத்ததும், “சாப்ட்டியாடா?” என்றாள். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் பேசினாள். புழுக்கள் அன்று ஒரு வேளை தாமதமாகத்தான் சாப்பிட்டன.

பின்னாளில் என் நண்பர்களின் கம்பெனியும் சந்தா கேட்கத் தொடங்கியது. அதற்கும் பிறகு, இரண்டு கம்பெனிக்காரர்களும் கதவைத் திறந்துவிட, இன்று எத்தனையோ ஆட்டங்களில் எந்தப் பெட்டிக்காரரும் எந்தப் பெட்டிக்காரரோடும் சேர்ந்து விளையாடலாம். நல்ல விஷயம்தான். ஆனால் அன்றைக்கு அந்தக் கதவு மூடியிருந்ததற்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும். மூடியிருந்ததால்தான் அம்மா ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது. என் அழுகையையும் அப்பாவின் முகத்தையும் தாண்டி அவள் அந்தப் பச்சை விளக்கைத் தேர்ந்தெடுத்ததற்கு நான் ஆயுளுக்கும் கடமைப்பட்டவள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். எங்கள் வீட்டில் அது ஆட ஒரு ரிமோட் தேவைப்பட்டது.

தை மாதத்தில் வத்தல்மலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. மாமா சீர்த்தட்டோடு வந்து இறங்கியதும் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தங்கச்சி மாமா மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டி அழுதாள். அது ஓய்ந்ததும், நான் மூன்று மாதமாகச் சேர்த்துவைத்திருந்த கிண்டலை மாமா மகனிடம் அவிழ்த்தேன். மற்ற நாளெல்லாம் புலி, ஞாயிற்றுக்கிழமையானால் எலியா என்று கேட்டேன்.

அவன் முழித்தான். “ஞாயித்துக்கிழமையா? அன்னிக்குக் காலையில எனக்கு நீச்சல் கிளாஸ். நான் வீட்லயே இருக்கமாட்டேன்.”

“பொய். மரத்துல முட்டி முட்டி நின்னியே.”

“சாமி சத்தியமா நான் இல்ல. நான் திரும்பி வரும்போது அப்பாதான் டிவி முன்னாடி உக்காந்திருப்பாரு. என்னைப் பாத்ததும் ஆஃப் பண்ணிடுவாரு.”

தோற்றதை மறைக்க, பாவம், பெற்ற அப்பாவையே இழுக்கிறான் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மாமாவின் முன்னால் நிறுத்தினேன். “மாமா, ஞாயித்துக்கெழம என்கூடக் காரு ஓட்டுனது இவன்தானே? இல்லேன்னு சத்தியம் பண்றான் மாமா.”

மாமா என்னைப் பார்த்தார். பக்கத்தில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற அம்மாவைப் பார்த்தார். அம்மா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது.

“ஆமா கண்ணு, இவன்தான்” என்றார் மாமா. “ஒத்துக்கமாட்டேங்கறான் பாரு.”

மாமா மகன் தன் அப்பாவை வாய் பிளந்து பார்த்தான். கண்ணில் நீர் முட்டிவிட்டது. அன்று சாயங்காலம் கார் ஏறும்வரை அவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. செய்வதையும் செய்துவிட்டு, கோயில் வாசலில் பொய்ச் சத்தியமும் பண்ணிய பயலுக்கு இவ்வளவு ரோஷம் எதற்கு என்று நான் நினைத்துக்கொண்டேன்.