காகத்துக்கு அப்பாவின் குரல்

முயல் எனக்குத்தான் என்று, மாத்தளையில் ஏறிய பஸ் நாவுலயைத் தாண்டும் முன்பே தீர்மானித்துவிட்டேன். கலேவெலயில் ஒரு வீட்டு மாடியில் சிறுவர் கார்ட்டூன் படம் செய்கிறார்கள். சிங்களப் படம். கதாநாயகி முயலுக்குக் குரல் வேண்டும் என்று ஃபோனில் பார்த்ததும் பேசிப் பதிந்து அனுப்பினேன். வரச் சொல்லிவிட்டார்கள்.

கார்ட்டூன் என்றால் எனக்குப் பைத்தியம். பார்ப்பது மட்டுமல்ல, குறையும் கண்டுபிடிப்பேன். கள்ளனுக்கு மட்டும் ஏன் எப்போதும் கறுப்புத் தோல், தடித்த உதடு, ஊரார் பேசாத ஓர் இழுவை? கேட்டால் மணிக்கணக்கில் பேசுவேன்.

அப்பா துணைக்கு வந்தார். மிளகு, கராம்பு வாங்கும் கடையில் தராசடியில் நிற்பவர். அன்றைக்கு லீவு போட்டு, வெள்ளைச் சட்டையும் நெற்றி நிறைய விபூதியுமாக வந்திருந்தார்.

நான் பேசி முடித்ததும் இயக்குநர் எழுந்தே நின்றுவிட்டார். பெயரைக் கேட்டார். சொன்னேன்.

"தமிழா? தெரியவே இல்லையே!"

பாராட்டாகத்தான் சொன்னார். நானும் பாராட்டாகத்தான் வாங்கிக்கொண்டேன்.

பிறகு மற்ற மிருகங்களைத் திரையில் காட்டினார். முயல் பாலைவிட வெள்ளை. காட்டில் கடை நடத்துவது ஒரு காகம். இடுப்பில் சாரம், மீசை, நெற்றியில் மூன்று வெள்ளைக் கோடு. தராசுத் தட்டைக் கால் நகத்தால் அமுக்கித் திருடும். அதற்குத் தமிழ் ஆள் பேசும் சிங்களம்தான் வேண்டுமாம்.

மணிக்கணக்கில் பேசக்கூடியவள், "படம் நல்லா இருக்கு சேர்" என்றேன். முயல் வேண்டுமே.

அந்த நேரம் பார்த்து வெளியே அப்பா, தேநீர் கொண்டுவந்த பெண்ணிடம் கழிவறை எங்கே என்று தன் சிங்களத்தில் கேட்டார். படங்களை வெட்டிச் சேர்க்கும் வேலை அவளுக்கு, என் வயதுதான். இயக்குநர் விரலை உயர்த்திக் காதைத் தீட்டிக்கொண்டார்.

"இதுதான்! இதுதான் என் காகம்!"

அப்பாவைக் கூட்டிவந்து மைக் முன் உட்காரவைத்தார். "அண்ணே, கொஞ்சம் பேசுங்க." அந்த 'அண்ணே' மட்டும் தமிழ். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்.

"வேணாம்பா, வாங்க போவோம்" என்றேன்.

"சும்மா இரு புள்ள. ஒனக்கு அந்த முயலு கெடைக்கணும்ல? சேரு மனசு கோணப்படாது."

இயக்குநர் சொல்லச் சொல்ல அப்பா திருப்பிச் சொன்னார். மைக்கைக் கண்ட மரியாதையில் ஒவ்வொரு சொல்லையும் துடைத்துத் துடைத்து வைத்தார்.

"அவ்வளவு நல்லா வேணாம் அண்ணே. கடையில பேசுற மாதிரி."

"கடையிலயும் இப்பிடித்தான் சேர் பேசுறது."

எல்லோரும் சிரித்தார்கள். அதையும் பதிந்துகொண்டார்கள்.

அடுத்தது என் காட்சி. காகம் பிடிபடுகிறது. அது பேசியதை முயல் அதே இழுவையில் பேசிக் காட்ட, காடே விழுந்து விழுந்து சிரிக்கிறது. ஹெட்போனில் அப்பா சொன்னார்: "நான் கள்ளன் இல்ல சேர், தராசு பொய் சொல்லாது."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தேநீர்க் கோப்பையோடு அவரே நின்றார். அந்த வரியை நான் என் சிங்களத்தில், சுத்தமாகச் சொன்னேன்.

"நக்கல் பண்ணணும்" என்றார் இயக்குநர்.

மறுபடியும் சுத்தமாகச் சொன்னேன். மறுபடியும்.

கதவைத் திறந்துகொண்டு அப்பா உள்ளே வந்தார். "அப்பிடி இல்ல புள்ள, நாக்கத் தட்டையா வையி. வீட்டுல என் சிங்களத்தத் திருத்துறப்ப நீ பேசிக் காட்டுவியே, அதே மாதிரி."

ஹெட்போனைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன்.

இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தேநீர்ப் பெண்ணைப் பார்த்தார். அவள் வந்து என் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு, "மாமா, எனக்கு ஒருக்கா சொல்லித் தர்றீங்களா?" என்று அப்பாவிடம் கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். அப்பா என்னைப் பார்த்தார். முடியாது என்று சொல்லும் அளவுக்கு அவரிடம் சிங்களம் இருக்கவில்லையோ என்னவோ, சொல்லிக்கொடுத்தார்.

முதல் தடவையிலேயே அவள் வாயிலிருந்து அப்பா அப்படியே வந்தார். அறை முழுக்கக் கைதட்டல். அப்பாவும் தட்டினார்.

முயல் அவளுக்குப் போனது. காகம் அப்பாவிடமே இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் கொண்டக்டர் வந்து நின்றார். அப்பா காசை நீட்டி இரண்டு விரலைக் காட்டினார்.

"எங்கே?" என்று சிங்களத்தில் கேட்டார் கொண்டக்டர்.

அப்பா வாயைத் திறக்கவில்லை. இரண்டு விரலும் அப்படியே நின்றன. கொண்டக்டர் சத்தமாக இன்னொரு தரம் கேட்டார்.

நான்தான் சொன்னேன்.