ஒரே வலைக்குள்

யாழ்ப்பாணத்தை விட்டு உருத்திரபுரத்தில் குடியேற நாங்கள் புறப்பட்டபோது, சொந்தக்காரர் எல்லோரும் மலேரியாவைக் கொண்டுவரும் வன்னி நுளம்பைப் பற்றித்தான் பயமுறுத்தினார்கள். பெரிய நுளம்பு வலை ஒன்றும் வாங்கித் தந்தார்கள். வீட்டில் அக்கா, அத்தான், நான் என மூன்றே பேர்.

மூன்றாம் வருடம் ஊர் முழுவதும் காய்ச்சல் வந்தது. அக்காவுக்கு அப்போது ஏழு மாதம். அத்தான் ஒருநாள் வயலிலிருந்து நடுங்கிக்கொண்டு வந்து படுத்தார். உடம்பு உளைவு, ஓயாத இருமல். காய்ச்சல் என்றால் எங்களுக்கு மலேரியாதான். வீட்டிலிருந்த கொயினாக் குளிசையைக் கொடுத்தேன்.

இருமல் சத்தத்தில் நித்திரை வராதென்று அக்கா குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் பாய் விரித்தார். நான் விடவில்லை.

"அத்தானைக் கடிச்ச நுளம்பு உங்களைக் கடிச்சால் பிள்ளைக்குக் கூடாது. வலைக்குள்ள போய்ப் படுங்கோ."

"இவ பெரிய டொக்டர்" என்று சிரித்தபடி போனார். மூன்று நாளும் அவர்கள் இருவரையும் சுற்றி வலையின் ஓரத்தைப் பாயின் கீழே செருகிவிட்டது நான்தான்.

நாலாம் நாள், ஊர்களுக்கு வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி சைக்கிளில் வந்து, பள்ளிக்கூடத்தில் ஆட்களைக் கூட்டிச் சொன்னார். இது மலேரியா இல்லை, இன்புளுவென்சா. நுளம்பால் வராது, நோயாளியின் இருமலாலும் மூச்சாலும் தொற்றும். காய்ச்சல்காரரைத் தனியே படுக்க விடவேண்டும். இருமும்போது துணியால் வாயை மூடவேண்டும், கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும். கொயினா இதற்குக் கேட்காது. ஓய்வும் கஞ்சியும் நிறையத் தண்ணீரும்தான் வேண்டும். பிள்ளைத்தாய்ச்சிகள் கவனம், மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும்.

ஏற்கெனவே ஒன்றாகப் படுத்திருந்தால் என்ன செய்வது என்று கேட்க நினைத்தேன். அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில் வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்தபோது அக்கா வாசலில் குந்தியிருந்தார். நெற்றி கொதித்தது.

அவரைத் தனியே படுக்க வைத்தேன், கஞ்சி பருக்கினேன். மூன்றாம் நாள் விடிய மூச்சு முட்டத் தொடங்கியது. வண்டியில் வைக்கோல் பரப்பி, கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அக்கா பிழைத்தார். பெண் குழந்தை, உயிரில்லாமல் பிறந்தது.

வீட்டுக்கு வந்து சில நாட்களுக்குப் பிறகு, நான் அவருக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"வெளியில ஒரு இடமும் போகேல்லையே. எனக்கு எங்கயடி தொத்தினது?"

"ஊர் முழுக்க வந்ததுதானே அக்கா."

"ஓம்" என்றார்.

சீப்பில் கொத்தாக முடி வந்தது. அவர் காணமுன் கைக்குள் பொத்திக்கொண்டேன்.