மரிய அந்தோணிக்கு ஆறாவது இடம்

ஜெர்சி சிட்டியில், ஜர்னல் ஸ்கொயர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் மரிய அந்தோணியை எல்லாருக்கும் தெரியும். ஜோசபின் வீட்டுக்காரர் என்றுதான் தெரியும். ஜோசபின் மருத்துவமனையில் ஒரு வார்டுக்கே பொறுப்பான நர்ஸ். குடும்பத்துக்கு கிரீன் கார்டு கிடைத்ததே அவள் வேலையால்தான். சர்ச்சில் தமிழ்ப் பூசைக்கு ஏற்பாடு செய்ய வேண்டுமானாலும், யார் வீட்டுக் குழந்தைக்காவது காய்ச்சல் என்றாலும் அவளுக்குத்தான் போன் வரும். அந்தோணிக்கு ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் ஒப்பந்த வேலை. ஒப்பந்தம் முடிந்தால் அடுத்தது கிடைக்கும்வரை வீட்டில் இருப்பார். இதை அவர் ஒரு குறையாகச் சொன்னதில்லை. அவருடைய ராஜ்ஜியம் வேறு இடத்தில் இருந்தது.

பாளையங்கோட்டையில் படித்த காலத்தில் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் ஆடியவர் அவர். முழங்கால் போனதோடு ஆட்டம் போயிற்று, பைத்தியம் போகவில்லை. அமெரிக்கா வந்த பிறகு, இங்கே சிதறிக் கிடந்த பழைய நண்பர்கள் எட்டுப் பேரைச் சேர்த்து ஒரு கற்பனை லீக் தொடங்கினார். இந்த நாட்டுக் கல்லூரிகளில் நிஜமாக ஆடும் பையன்களை ஆளாளுக்குப் பிரித்து எடுத்து, ஆளுக்கொரு அணி வைத்துக்கொள்வார்கள். பையன்கள் நிஜ ஆட்டத்தில் எடுக்கும் புள்ளிகள் இவர்கள் கணக்கில் ஏறும். அணிகளுக்குள் ஆட்களை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அந்தோணி சம்மதிக்க வேண்டும். அதனால் அவருக்குப் பட்டப்பெயர் கமிஷனர்.

ஜனவரியில் பாதி ஆட்டங்கள் முடிந்ததும், ஒரு ஞாயிறு மதியம் எல்லாரும் வீடியோவில் கூடுவார்கள். டெக்சாஸில் பேர்லேண்டிலிருந்து பத்மநாபன் வருவார், கலிபோர்னியாவிலிருந்து ஜெயபிரகாஷ் வருவான். ஒவ்வொரு அணியாக எடுத்து அந்தோணி அலசுவார். எவனை விட்டுவிடலாம், எவன் பிப்ரவரியில் சோர்ந்து போவான் என்றெல்லாம் சொல்வார். மற்றவர்கள் தலையாட்டிக் கேட்பார்கள். கிறிஸ்துமஸ் பூசைக்குக்கூட அவர் அந்த ஞாயிறு போல அவ்வளவு பார்த்துப் பார்த்துச் சவரம் செய்துகொண்டது கிடையாது.

இந்த முறை ஒரு நண்பருக்கு இரட்டைக் குழந்தை பிறந்து, அவர் விலகிவிட்டார்.

"சும்மா பேருக்கு இரு, ஜோ. யாரை எடுக்கணும்னு நான் சொல்லுதேன்" என்று அந்தோணி மனைவியைச் சேர்த்துவிட்டார்.

ஜோசபின் அவரிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. டியூட்டி முடிந்து வந்து சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, போனில் தானே ஆட்களைப் பொறுக்கினாள். யாரும் கேள்விப்படாத ஊர்களில் இருக்கும் சின்னக் கல்லூரிப் பையன்கள். அந்தோணி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். அவர் அணியில் இருந்த பையன்கள் எல்லாரும் பேர்பெற்ற கல்லூரிகளில் ஆடுகிறவர்கள், டி.வி.யில் வருகிறவர்கள்.

ஜனவரிக் கூட்டத்தன்று ஜோசபின் முதல் இடத்தில் இருந்தாள். அந்தோணிக்கு ஆறாவது இடம்.

அவர் வழக்கம்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தார். பத்மநாபனின் அணியைப் பாதி அலசியிருப்பார்; ஜெயபிரகாஷ் குறுக்கிட்டான். "அண்ணே, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. அண்ணி முகம் தெரியல. அண்ணி, நீங்க எப்படி செலக்ட் பண்றீங்க?"

பக்கத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த ஜோசபின் நிமிர்ந்தாள். "பெரிய காலேஜ்ல நல்ல பையன் பத்துப் பேர் இருப்பான். ஆளுக்குக் கொஞ்ச நேரம்தான் ஆட விடுவாங்க. சின்ன காலேஜ்ல ஒருத்தன்தான் இருப்பான். களைச்சுப் போனாலும் அவன்தான் ஆடணும். எங்க வார்டுல ஆள் கம்மியா இருக்கிற அன்னைக்கு எப்படியோ, அப்படித்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் அணியைப் பற்றி அவளிடம் கேட்டார்கள். அந்தோணி தள்ளி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். திரையில் அவருடைய ஒரு தோள் மட்டும் தெரிந்தது. ஜோசபின் பாதியில் விட்ட பட்டாணியை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.

அந்த வாரமே ஜோசபினும் பத்மநாபனும் ஒரு டிரேட் பேசினார்கள். அவருடைய உயரமான பையனை அவள் எடுத்துக்கொள்வாள், தன் ஆட்கள் இருவரை அவருக்குக் கொடுப்பாள். அந்த நெட்டையன் அவளிடம் போனால் பிறகு அவளை யாராலும் எட்டிப்பிடிக்க முடியாது என்று அந்தோணிக்குத் தெரிந்தது. அலுவலகத்தில், மதியச் சாப்பாட்டுக்கு நடுவில், இடது கையாலேயே போனைத் தொட்டு அதை நிராகரித்தார்.

பத்மநாபன் உடனே கூப்பிட்டார். "ஏல அந்தோணி, எதுக்குல நிறுத்துன?"

"சமமா இல்லல. லீக்குக்கு நல்லதில்ல."

"எங்க ரெண்டு பேருக்கும் சம்மதம். உனக்கு எங்க வலிக்கு?"

அந்தோணி மீட்டிங் என்று சொல்லி வைத்துவிட்டார்.

பத்து நாள் கழித்து அந்த நெட்டையன் ஒரு ஆட்டத்தில் கணுக்காலை முறித்துக்கொண்டு, இனி இந்த சீசனில் ஆட முடியாது என்றாகிவிட்டது. அவள் கொடுக்க இருந்த இருவரும் அதே வாரம் வெளுத்து வாங்கினார்கள். தடுத்ததால் அவள் புள்ளிகள்தான் இன்னும் ஏறின.

ஞாயிறு பூசை முடிந்து காபி குடிக்கும்போது ஜோசபின் எல்லார் முன்னாலும் சொன்னாள். "இவங்கதான் என்னைய காப்பாத்துனாங்க. டிரேட் வேண்டாம்னு நிறுத்திட்டாங்க."

"ஆஹா, வீட்டுக்காரர்னா இப்படி இருக்கணும்" என்றார் சர்ச்சுக்கு வரும் வசந்தாமணி ஆன்ட்டி. அந்தோணி பாதிக் காபியோடு கோப்பையைக் கீழே வைத்தார்.

காரில் ஏறியதும் சொன்னார். "நான் உன்னையக் காப்பாத்துறதுக்காக நிறுத்தல."

"தெரியும்" என்றாள் ஜோசபின், சீட் பெல்ட்டை இழுத்துக்கொண்டே. "நீங்க வாயத் தொறக்கீங்களான்னு பாக்கத்தான் அங்க சொன்னேன்."

சிவப்பு விளக்கில் நிற்கும்போது அவர் மெதுவாகப் பேசினார். "எல்லாத்துக்கும் எல்லாரும் உன்னையத்தான் கேக்காங்க. இது ஒண்ணுக்குத்தான் என்னையக் கேட்டாங்க, ஜோ."

அவள் ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தார். அவளுக்குக் கோபம் வந்தது.

"எல்லாரும் கேக்கதுனால எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை தூக்கம் உண்டா? உங்களுக்கு அது ஆசையா இருக்கா? எடுத்துக்கோங்க. நாளைக்கே வசந்தாமணி ஆன்ட்டிக்கு உங்க நம்பரைக் கொடுக்கேன். எனக்கு இந்த ஆட்டம் மட்டும்தான் யாரும் வேலை கேக்காம கிடைச்சுது. அதுலயும் வந்து கைய வச்சா எப்படி?"

விளக்கு பச்சையாகி, பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.

அன்று மாலையே நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில், தான் செய்தது தவறு என்று எழுதினார், காரணத்தை எழுதவில்லை. கமிஷனர் பொறுப்பைப் பத்மநாபனிடம் கொடுத்தார். பொறாமையை மட்டும் யாரிடமும் கொடுக்க முடியவில்லை. பிப்ரவரியில் ஒருநாள் கூச்சத்தை விட்டு, ஒரு பையனை எடுக்கலாமா என்று மனைவியிடம் கேட்டார். "வேண்டாங்க, அவன் கோச் அவனைப் பாதியில உக்கார வச்சிருவான்" என்றாள். அவள் வேண்டாம் என்றாள் என்பதற்காகவே அவனை எடுத்தார். பையன் பாதியில் உட்கார்ந்தான். ஜோசபின் அதைப் பார்த்தாள். தோசை வேண்டுமா என்று மட்டும் கேட்டாள்.

மார்ச் மாதம் ஜோசபின் ஜெயித்தாள். நண்பர்கள் வீடியோவில் கைதட்டினார்கள், அந்தோணியும் தட்டினார். மடிக்கணினியை மூடிய பிறகு அவள் சொன்னாள்: "அடுத்த வருஷம் நான் இல்லைங்க. நீங்களே நிம்மதியா ஆடுங்க."

அந்தோணி அவசரமாக நிமிர்ந்தார். "ஐயையோ, வேண்டாம். நீ போயிட்டா நான் ஜெயிச்சாலும், அவ இல்லாததுனாலதான் ஜெயிச்சான்னு சொல்லுவானுக. நீ கண்டிப்பா இருக்கணும்."

ஜோசபின் சோபாவில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அந்தோணிக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் உண்மையாகத்தான் சொன்னார்.