உழவர்கரையில் உள்சுவர் இல்லாத வீடு

காலை ஆறரைக்குத் திருவான்மியூரில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்தில் ஏறினேன். புதுச்சேரி ஏறத்தாழ நூற்றைம்பது கிலோமீட்டர். பேருந்தில் முக்கால்வாசிப் பேர் அங்குள்ள பிரெஞ்சுக் காலத்து மஞ்சள் சுவர் முன்னால் நின்று படமெடுத்துக்கொள்ளப் போகிறவர்கள். நான் ஒரு சிமெண்ட் வீட்டைக் காப்பாற்றப் போகிறவன். கட்டடக்கலைப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நவீனக் கட்டடங்களும் நம் சொத்துதான் என்று எழுதி எழுதி விரல் தேய்ந்ததுதான் மிச்சம். போன வாரம் அந்த வீட்டுக்காரர் ஜோசபின் அம்மாள் தொலைபேசியில் சொன்னார், திங்கட்கிழமை கொத்தனார் வருகிறார், உள்ளே சுவர் எழுப்பப் போகிறேன் என்று. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பத்து மணிக்குப் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். ஆட்டோக்காரர் என்னைக் கேட்காமலே சுற்றுலாக்காரர்கள் போகும் ஒயிட் டவுன் பக்கம் வண்டியைத் திருப்பினார்.

“உழவர்கரைக்குப் போகணும்ப்பா.”

“அங்க என்னா சார் இருக்கு பாக்கறதுக்கு?”

“ஒரு வீடு.”

“வாங்கப் போறீங்களா?”

“பாக்கத்தான்.”

கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துக்கொண்டார். இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு இறக்கிவிட்டார்.

ஜோசபின் அம்மாளின் மாமனார் வியட்நாமின் சைகோனிலிருந்து திரும்பியதும் கட்டிய வீடு அது. கூரையைத் தூண்களே தாங்குவதால் உள்ளே ஒரு சுவர்கூடக் கிடையாது. வாசலில் நின்றால் சாப்பாட்டு மேசை, கட்டில், அடுப்பங்கரை, பின்பக்கத்து முருங்கை மரம் வரை ஒரே பார்வையில் தெரியும். முன்புறம் சிமெண்ட் பட்டைகளின் இடைவெளியில் காற்று வந்துகொண்டே இருக்கும். இந்த வீட்டின் படத்தைக் காட்டாமல் நான் வகுப்பை முடித்ததில்லை.

ஜோசபின் அம்மாள் பிரெஞ்சு ஆசிரியையாக இருந்தவர். காபி கொடுத்துவிட்டு, நான் பேசியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். இப்படி ஒரு வீடு இனி யாரும் கட்டப் போவதில்லை என்று முடித்தேன்.

“நீங்க சொல்றது சரிதான் சார். பன்னெண்டு பேரு இருந்தோம். யாரு எங்க இருந்தாலும் பேசிக்கலாம். எங்க மாமனார் ஒக்காந்த எடத்துலருந்தே எல்லாரையும் அதட்டுவாரு. இப்ப அவரும் இல்ல, எங்க வீட்டுக்காரரும் இல்ல. புள்ள பிரான்சுல இருக்கான். எங்க நின்னாலும் ஆள் இல்லாதது தெரியுது. ஒரு செவுரு இருந்தா, அந்தாண்ட யாரோ இருக்காங்கன்னு நெனச்சுக்கலாம் இல்ல?”

காபி டம்ளரை வைத்துவிட்டு எழுந்து, கட்டிலிலிருந்து மேசை வரை நடந்து பார்த்தேன். பிறகு ஒரு சாக்கட்டி கேட்டு வாங்கி, கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே தரையில் நானே கோடு போட்டேன்.

“இங்க எழுப்பச் சொல்லுங்கம்மா. மேல ஒண்ணரை அடி விட்டுட்டா காத்து போகும்.”

“சத்தம் வருமா?”

“வரும்.”

“அப்ப அந்தாண்ட ரேடியோவப் போட்டு வெச்சுட்டு இந்தாண்ட படுத்துக்கறேன்.”

மூன்று மணிக்குக் கிளம்பினேன். வாசல்வரை வந்தவர் கேட்டார்:

“மெட்ராஸ்ல ஒங்க வீடும் இப்படித்தானா சார்?”

“ஆமாம்மா. குடிபோகும்போதே உள்ள இருந்த செவுத்தையெல்லாம் எடுக்கச் சொல்லிட்டேன்.”

“எத்தினி பேரு இருக்கீங்க?”

“என் மனைவி போனப்புறம், நான் மட்டும்தான்.”



“கொத்தனார் நம்பர் தரட்டா?”

வாங்கிக்கொண்டேன். பேருந்து மரக்காணத்தைத் தாண்டும்போதுதான், வீட்டுக்குப் போகவே எனக்குப் பிடிக்கவில்லை என்பதை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.